பையை மாட்டுறதுக்கு முன்னாடி

செமஸ்டர் கடைசி பிராக்டிகல் முடிஞ்ச அடுத்த நிமிஷமே கிளாஸ் குரூப்ல ஒரு ரீல்ஸ் லிங்க் வந்து விழும். மேகத்துக்கு மேல ஒரு பாறை, பாறை மேல ஒருத்தர், பின்னாடி ஒரு பி.ஜி.எம். கீழே ‘மச்சி, போலாமா?’ பத்து நிமிஷத்துல இருபது தம்ஸ்-அப். அந்த இடம் எந்த மாவட்டத்துல இருக்குன்னு யாருக்கும் தெரியாது. போக அனுமதி உண்டான்னு தெரியாது. எத்தனை கிலோமீட்டர் நடக்கணும்னும் தெரியாது. ஆனா யாரு காரை எடுத்துட்டு வர்றதுங்கிறது மட்டும் முடிவாகிடும்.

நான் காலேஜ் அவுட்டோர் கிளப்பில் மூணு வருஷமா இருக்கேன். ஜூனியர்ஸ் எங்களைப் பத்திச் சொல்ற புகார் ஒண்ணே ஒண்ணுதான்: “எதைக் கேட்டாலும் முடியாதுன்னு சொல்றாங்க.” உண்மைதான். ஜீன்ஸ் போட்டு வந்தா முடியாது. மார்ச்ல காட்டுக்குன்னா முடியாது. உச்சி கண்ணுக்குத் தெரியுது, இன்னும் அரை மணி நேரம்தான்னாலும் திரும்புற நேரம் ஆயிடுச்சுன்னா முடியாது. இந்த ஒவ்வொரு ‘முடியாது’க்கும் ஒரு காரணம் இருக்கு. பாதி காரணம் நம்ம சிலபஸ்லயே இருக்கு. மீதி பாதியைக் கத்துக்க மத்தவங்க கொடுத்த விலை ரொம்பப் பெரிசு. அதைத்தான் இங்க எழுதப் போறேன்.

முதல்ல என் கதை. முதல் வருஷம், நவம்பர் மாசம். கிளப் இல்லை, ஹாஸ்டல் ஆளுங்க ஏழு பேர். நீலகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி மேல ஒரு வியூ பாயின்ட். காலையில நல்ல வெயில். எல்லாரும் ஜீன்ஸ், காட்டன் டி-ஷர்ட், தோளில் காலேஜ் பேக். மதியம் 2 மணிக்கு மழை பிடிச்சுது. அது பெருமழைகூட இல்லை, காத்தோட சேர்ந்த சாரல். என் ரூம்மேட் கொஞ்சம் மெதுவா நடக்கிற ஆள். ‘நீ வாடா, நாங்க மேல நிக்கிறோம்’னு சொல்லிட்டு நானும் ரெண்டு பேரும் முன்னாடி ஓடினோம். மேல போய் மேகத்தைத் தவிர ஒண்ணும் தெரியலை. போட்டோ எடுத்துட்டு இறங்கினா, பாதி வழியில ஒரு பாறை மேல உட்கார்ந்திருக்கான். உதடு நீலம். பை ஜிப்பைத் திறக்க விரல் வரலை. ‘விடுடா, தூக்கம் வருது, கொஞ்சம் உட்கார்ந்துட்டு வர்றேன்’னு குழறிக் குழறிச் சொன்னான். குடிச்சவன் மாதிரி பேசறான்னு நாங்க சிரிச்சோம். வீடியோகூட எடுத்தோம்.

கொழுந்து பறிச்சுட்டு இறங்கி வந்த ஒரு அம்மா அவனைப் பார்த்த உடனே எங்களைப் பிடிச்சு ஒரு ஏறு ஏறினாங்க. “புள்ளைக்கு வெறைச்சுப் போச்சு, நீங்க இளிச்சுக்கிட்டு நிக்கிறீங்களா?” கைத்தாங்கலா அவங்க லைன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய், ஈரத்துணி எல்லாத்தையும் கழட்டி, கம்பளியில சுத்தி, சர்க்கரை அள்ளிப் போட்ட டீயைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்க வெச்சாங்க. ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் அவன் ஒழுங்காப் பேசினான். அந்த வீடியோ இன்னும் என் போன்ல இருக்கு. அழிக்கலை.

பிறகு படிச்சப்போதான் அதோட பேரு ஹைப்போதெர்மியான்னு தெரிஞ்சுது. உடம்போட உள்வெப்பம் வழக்கமா 37 டிகிரி செல்சியஸ். அது 35-க்குக் கீழே போனா அந்த நிலைமை. ‘அதெல்லாம் இமயமலையில வர்றது, நம்ம ஊர்ல எப்படி?’ன்னு கேட்பீங்க. கணக்கைப் பாருங்க. உயரம் 1,000 மீட்டர் கூடினா வெப்பநிலை சராசரியா 6.5 டிகிரி குறையும். சமவெளியில 28 டிகிரி இருக்கிற நாள்ல 1,800 மீட்டர் உயரத்துல சுமார் 16. ஏ.சி. ரூம்ல 16 வெச்சுட்டு, நனைஞ்ச துணியோட, டேபிள் ஃபேனை முகத்துக்கு நேரா வெச்சு மூணு மணி நேரம் உட்கார்ந்து பாருங்க, புரியும். தண்ணி, காத்தை விட சுமார் 25 மடங்கு வேகமா வெப்பத்தைக் கடத்தும். காட்டன் தண்ணியை உறிஞ்சி வெச்சுக்கிட்டு காயவே காயாது. ஜீன்ஸ் இதுல மகா மோசம்: நனைஞ்சா கனமும் ஏறும், காலோட ஒட்டிக்கிட்டு வெப்பத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். நாங்க ‘ஜீன்ஸ் வேண்டாம்’னு சொல்றது ஸ்டைலுக்கு எதிரான போராட்டம் இல்லை.

அறிகுறியை மட்டும் மறக்காதீங்க. முதல்ல கடுமையான நடுக்கம். அப்புறம் விரல் தடுமாறும், நடை தடுமாறும், பேச்சு குழறும், எரிச்சலும் சோம்பலும் வரும். நடுங்கிட்டு இருந்த ஆள் திடீர்னு நடுக்கத்தை நிறுத்திட்டா, ‘அப்பாடா, சரியாயிட்டான்’னு நினைக்கக் கூடாது, உடம்பு தோத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். பாதிக்கப்பட்ட ஆளுக்குத் தனக்கு என்ன ஆகுதுன்னு தெரியாது. ‘நான் நல்லாத்தான் இருக்கேன்’னுதான் சொல்வாங்க. அதனால பக்கத்துல நடக்கிற ஆள்தான் கவனிக்கணும். காத்து படாத இடத்துக்குக் கொண்டு போங்க, ஈரத்தைக் கழட்டி உலர்ந்ததைப் போடுங்க, தலையை மூடுங்க, தரைக்கும் உடம்புக்கும் நடுவுல எதையாவது விரிங்க, முழிப்போட இருந்தா இனிப்பான சூடான பானம் குடுங்க. குழறல் அதிகமாவோ, அரை மயக்கமாவோ இருந்தா வாயில எதையும் ஊத்தாம, தூக்கிட்டு இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகணும். சரக்கு ஊத்தினா சூடேறும்னு ஒரு நம்பிக்கை ஹாஸ்டல்ல உலாவுது. அது தோலுக்கு ரத்தத்தை அனுப்பி வெப்பத்தை இன்னும் வேகமா வெளியே தள்ளும். சுடற மாதிரி இருக்கும், உள்ளே ஆறிக்கிட்டு இருக்கும்.

இதே ஹீட் டிரான்ஸ்ஃபர் விஷயம்தான் கூடாரத்துலயும். முதல் தடவை ஸ்லீப்பிங் பேக் வாங்கினவங்க எல்லாரும் ‘இவ்ளோ காசு குடுத்தும் குளிருது’ன்னு புலம்புவாங்க. ஸ்லீப்பிங் பேக் ஹீட்டர் இல்லை. ஹீட்டர் நீங்கதான், அது வெறும் இன்சுலேஷன். வயித்துல ஒண்ணும் இல்லாம, நடுங்கிக்கிட்டே உள்ளே புகுந்தா, நடுங்கிக்கிட்டே இருப்பீங்க. நல்லாச் சாப்பிட்டு, நாலு தடவை குனிஞ்சு நிமிர்ந்து உடம்பைச் சூடாக்கிட்டு உள்ளே போங்க. இன்னொண்ணு: உங்க எடையில அமுங்கி, முதுகுக்குக் கீழே இருக்கிற பஞ்சு தட்டையாகிடும். காத்து இல்லாத பஞ்சு இன்சுலேட் பண்ணாது. அதனாலதான் கீழே ஃபோம் மேட் விரிக்கணும். மேட்டா பேக்கான்னு ஒண்ணைத்தான் எடுக்க முடியும்னா, முதல் வருஷ ஆளுங்களுக்கு நான் மேட்டைத்தான் சொல்வேன். மேல போர்த்திக்க வீட்டுல கம்பளி இருக்கும்.

திரும்புற நேரம்

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-ல் ஒரு எளிய கணக்கு சொன்னார். இன்னிக்கும் உலகம் முழுக்க அதைத்தான் வெச்சுக்கிட்டு ஆரம்பிக்கிறாங்க: 5 கி.மீ. நடக்க ஒரு மணி நேரம், 600 மீட்டர் உயரம் ஏறத் தனியா இன்னொரு மணி நேரம். உதாரணத்துக்குப் போக 6 கி.மீ., 900 மீட்டர் ஏத்தம்னு வெச்சுக்கோங்க. தூரத்துக்கு 1.2 மணி, உயரத்துக்கு 1.5 மணி, மொத்தம் 2.7 மணி. ஆனா இது பழக்கமான, ஓய்வே எடுக்காத ஆளுக்கு. நம்ம கூட்டத்துல போன மாசம் வரைக்கும் மூணாவது மாடி லேபுக்கே லிஃப்ட்ல போனவங்க இருக்காங்க. ஒண்ணரையால பெருக்கினா நாலு மணி நேரம். இறங்க எங்க கிளப்ல ஏறின நேரத்துல முக்கால்வாசி வைப்போம், அதாவது மூணு மணி. இறக்கம் சுலபம்னு நினைக்கிறவங்க களைச்ச முட்டியோட சரளைக்கல்லுல ஒரு தடவை இறங்கிப் பாருங்க.

இப்போ பின்னாடியிருந்து வாங்க. மலைச்சரிவுல காட்டுக்குள்ள 5.30-க்கெல்லாம் மங்க ஆரம்பிக்கும். ஒரு மணி நேரம் கைக்காவலா விட்டா 4.30-க்குக் கீழே இருக்கணும். அப்போ 1.30-க்கு, எங்க நின்னாலும் சரி, திரும்பணும். காலையில 9.30-க்குள்ள நடக்க ஆரம்பிக்கலைன்னா அன்னிக்கு உச்சியே கிடையாது. 10.30-க்குப் பரோட்டா சாப்பிட்டுட்டுக் கிளம்புற டிரெக் ஏன் டார்ச் வெளிச்சத்துல முடியுதுன்னு இப்போ தெரியுதா?

இந்த நேரத்தைக் கீழேயே, வயிறு நிறைஞ்சு மூளை தெளிவா இருக்கும்போதே முடிவு பண்ணி எல்லார்கிட்டயும் சொல்லிடணும். மேல போன பிறகு முடிவெடுத்தா ஆசைதான் ஜெயிக்கும். ‘இவ்ளோ தூரம் வந்தாச்சே’ங்கிற வார்த்தை பெரிய பெரிய ஆளுங்களையே சாய்ச்சிருக்கு. 1996 மே 10-ம் தேதி எவரெஸ்டில், மதியத்தோட திரும்பிடணும்ங்கிற கணக்கைத் தாண்டிச் சிலர் ஏறிக்கிட்டே இருந்தாங்க. ஒருத்தர் உச்சியைத் தொட்டப்போ மாலை 4 மணி ஆயிருந்துது. இறங்கும் வழியில புயல். அந்தப் புயலில் இறந்தவங்க 8 பேர். அவங்கள்ல ஏற்கெனவே எவரெஸ்ட் ஏறின வழிகாட்டிகளும் உண்டு.

எங்க கிளப்பில் ஒரு ஆள் லீட், ஒரு ஆள் ஸ்வீப். லீட் முன்னாடி போவார், அவரை யாரும் தாண்டக் கூடாது. ஸ்வீப் கடைசியில வருவார், அவருக்குப் பின்னாடி யாரும் இருக்கக் கூடாது. வேகத்தை முடிவு பண்றது ரெண்டு பேரும் இல்லை. கூட்டத்துலயே மெதுவா நடக்கிற ஆள்தான். அந்த ஆளை லீடுக்கு அடுத்த இடத்துல நடக்க விடுவோம். முன்னாடி ஓடிப்போய் உட்கார்ந்து, மெதுவானவர் மூச்சு வாங்கிக்கிட்டு வந்து சேர்ந்த உடனே ‘சரி, கிளம்பலாம்’னு எழுந்திருக்கிற பழக்கம் இருக்கு பாருங்க, அதுல ஓய்வு யாருக்குத் தேவையோ அவருக்கு மட்டும் கிடைக்காது. அன்னிக்கு நான் பண்ணினது அதைவிடக் கேவலம். இப்போ ஸ்வீப் வேலையை நானேதான் கேட்டு வாங்கிக்கிறேன்.

மார்ச்ல ஏன் இல்லை

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிக்குப் பக்கத்துல குரங்கணி. கொழுக்குமலைப் பக்கத்துலேர்ந்து இறங்கிட்டு இருந்த மலையேற்றக் குழுவினர் புல்வெளிச் சரிவுல காட்டுத்தீயில சிக்கினாங்க. சென்னையிலேர்ந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்துலேர்ந்தும் வார இறுதிக்காக வந்தவங்க. பலரும் நம்மைவிட ரெண்டு மூணு வயசுதான் பெரியவங்க. அந்த இடத்துலயும், பிறகு ஆஸ்பத்திரியில தீக்காயத்தாலயும் சேர்த்து 23 பேர் இறந்தாங்க. இன்னிக்கு முதல் வருஷத்துல சேர்றவங்க அப்போ ஸ்கூல்ல சின்ன கிளாஸ்ல இருந்திருப்பீங்க. அதனாலதான் கிளப்போட முதல் கூட்டத்துல ஒவ்வொரு வருஷமும் இதைச் சொல்லிட்டுத்தான் மத்ததைப் பேசறோம்.

தீ ஏன் அவ்ளோ வேகமா வந்துது? ஜனவரியில பனியும் வெயிலும் மாறி மாறி அடிச்சு, பிப்ரவரி நடுவுல மலைப்புல் காஞ்சு காகிதம் மாதிரி ஆயிடும். சமதளத்துல தீயோட ஜுவாலை மேல்நோக்கிப் போகும். பக்கத்துல இருக்கிற புல் மெதுவாத்தான் சூடாகும். சரிவுல அப்படி இல்லை. ஜுவாலை மேல இருக்கிற புல்லுக்குக் கிட்ட சாய்ஞ்சிருக்கும், சூடான காத்தும் சரிவை ஒட்டியே ஏறும். தீ வர்றதுக்கு முன்னாடியே புல் வறண்டு பத்தத் தயாரா இருக்கும். சரிவு 10 டிகிரி கூடக்கூட மேல்நோக்கிப் போற தீயோட வேகம் சுமார் ரெண்டு மடங்காகும்ங்கிறது தீயணைப்பில் வெச்சிருக்கிற தோராயக் கணக்கு. 30 டிகிரி சரிவுல எட்டு மடங்கு. நீங்க ஏறும்போது என்ன ஆகும்? 30 டிகிரியில உங்க வேகம் ரொம்பக் குறைஞ்சுடும். மேல ஓடி ஜெயிக்கவே முடியாது. ரெண்டு சரிவு சேர்ற பள்ளம் புகைபோக்கி மாதிரி தீயை இழுக்கும். அங்கேயும் இறங்கக் கூடாது. பக்கவாட்டுல, ஏற்கெனவே எரிஞ்சு முடிஞ்ச கருப்பு நிலத்துக்கோ, புல் இல்லாத பாறைக்கோ, ஓடைக்கோ போறதுதான் இருக்கிற வழிகள்ல கொஞ்சம் நல்லது.

இங்க ஒரு சிக்கல். மேல காட்டன் வேண்டாம், சிந்தெடிக் போடுங்கன்னு சொன்னேன். ஆனா தீயில பாலியஸ்டர் உருகித் தோலோட ஒட்டிக்கும். அங்க காட்டன்தான் தேவலை. அப்போ எதைத்தான் போடுறது? தீக்காலத்துக்குத் தகுந்த துணின்னு ஒண்ணு நம்ம பட்ஜெட்ல கிடையாது. அந்தக் காலத்துல போகாம இருக்கிறதுதான் பதில். வனத்துறையே வழக்கமா பிப்ரவரி நடுவுலேர்ந்து ஏப்ரல் நடு வரைக்கும் மலையேற்றத்தை மூடிடுது. கல்ச்சுரல்ஸ் முடிஞ்ச கையோட மார்ச்ல ‘ஒரு சின்ன டிரெக்’னு யாராவது ஆரம்பிச்சா, இந்தப் பத்தியை ஃபார்வர்ட் பண்ணுங்க.

குரங்கணிக்கு அப்புறம் 2018-லயே தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகளைக் கொண்டுவந்துது. 2024 அக்டோபரில் ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டம் வந்துது: 14 மாவட்டங்கள்ல 40 பாதைகள், எளிது, மிதம், கடினம்னு மூணு வகை, ஆன்லைன் பதிவு, கூடவே பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள். பல இடத்துல அந்தக் காட்டுலயே பிறந்து வளர்ந்த பழங்குடி இளைஞர்கள். ‘காசு கட்டி, கைடு வெச்சுப் போறதா டிரெக்?’னு முகம் சுளிக்கிறவங்களுக்கு ஒரு பதில் இருக்கு. நாங்க போன ஒரு பாதையில வழிகாட்டி அண்ணன் திடீர்னு கையைத் தூக்கி நிறுத்தினார். எங்களுக்கு ஒண்ணும் தெரியலை, கேட்கலை. அவர் காத்துல ஒரு வாசம் பிடிச்சிருக்கார். பத்து நிமிஷம் மூச்சு விடாம நின்னோம். கீழே மூங்கில் ஒடியற சத்தம் மட்டும் வந்துது. யானை கண்ணுல படவே இல்லை. சுத்தி வேற வழியாக் கூட்டிட்டுப் போனார். நாங்க மட்டும் போயிருந்தா புளூடூத் ஸ்பீக்கர்ல பாட்டுப் போட்டுக்கிட்டே அந்த மூங்கிலுக்குள்ள நுழைஞ்சிருப்போம்.

ஸ்பீக்கர் பத்திப் பேச்சு வந்துடுச்சு, சொல்லிடறேன்: தயவுசெஞ்சு வேண்டாம். சென்ட்டும் வேண்டாம்.

அனுமதி இல்லாம காப்புக்காட்டுக்குள்ள நுழையறது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். தீ மூட்டறது அதைவிடப் பெரிய குற்றம். கேம்ப் ஃபயர் போட்டுக் கிடார் வாசிக்கிற படம் எல்லாம் பார்க்க நல்லாருக்கும். நம்ம காட்டுல அதுக்கு இடமில்லை. காட்டுக்குள்ள கூடாரம் அடிச்சு ராத்திரி தங்கறதுக்கும் பெரும்பாலும் அனுமதி கிடைக்காது. அதனால கேம்பிங் கத்துக்க ஆசைப்படறவங்களுக்கு நாங்க வருஷத்துக்கு ரெண்டு தடவை காலேஜ் கிரவுண்ட்லயே கூடாரம் அடிக்கிறோம். சிரிக்காதீங்க. டார்ச் வெளிச்சத்துல, காத்துல, பத்து நிமிஷத்துல கூடாரம் அடிக்கிறதை எறும்புப் புத்துக்குப் பக்கத்துல ஒரு தடவை பழகிட்டுப் போனவங்க வெளியூர்ல திண்டாட மாட்டாங்க.

சட்டத்தை விட முக்கியமான ஒண்ணு. அனுமதி வாங்கிட்டுப் போனா நீங்க எங்க இருக்கீங்கன்னு ஒருத்தருக்குத் தெரியும். மாலை திரும்பி வரலைன்னா தேட ஆரம்பிப்பாங்க, எந்தப் பக்கம் தேடணும்னும் தெரியும். திருட்டுத்தனமாப் போன கூட்டத்துல ஒருத்தர் கால் உடைஞ்சா, போன் பண்றதா வேண்டாமான்னு யோசிக்கிறதுலயே ஒரு மணி நேரம் போயிடும். வீட்டுல ‘ஃபிரெண்டு வீட்டுக்குப் போறேன்’னு சொல்லிட்டு வராதீங்கன்னு நாங்க கெஞ்சறதும் இதுக்குத்தான். ஹாஸ்டல்ல பொண்ணுங்களுக்கு அனுமதி வாங்கறது பசங்களுக்கு வாங்கறதை விட மூணு மடங்கு கஷ்டம்னு தெரியும். அந்தக் கடிதம், வார்டன் கையெழுத்து, வீட்டுக்குப் போன் எல்லாத்தையும் கிளப் பொறுப்பாளர்களே கூட வந்து பேசி வாங்கித் தர்றோம். பொய் சொல்லிட்டு வர வேண்டாம், எங்களைக் கூப்பிடுங்க.

பையில என்ன

பெரிய லிஸ்ட் எல்லாம் வேண்டாம். கடைக்காரங்க ஐயாயிரம் ரூபாய்க்கு ஷூ விப்பாங்க. முதல் ரெண்டு டிரெக்குக்கு உங்க பழைய ஸ்போர்ட்ஸ் ஷூவே போதும், அடிப்பக்கம் தேயாம இருந்தா. புது ஷூ மட்டும் வேண்டவே வேண்டாம். கொப்புளம் போட்ட காலோட ஆறு கிலோமீட்டர் இறங்கறது எப்படின்னு கேட்கிறதுக்குக் கிளப்ல நிறைய பேர் இருக்காங்க. கிளம்புறதுக்கு முந்தின நாள் கால் நகத்தை ஒட்ட வெட்டுங்க. இல்லைன்னா இறக்கத்துல ஒவ்வொரு அடிக்கும் நகம் ஷூவுல இடிச்சுக் கருத்துப் போயிடும்.

தண்ணி, நடக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை லிட்டர்னு கணக்கு. ஏழு மணி நேரத்துக்கு மூணரை லிட்டர், அதுவே மூணரை கிலோ. அதனாலதான் மத்த எடையைக் குறைக்கச் சொல்றோம். பவர் பேங்க் மூணு வேண்டாம். வியர்வையில உப்பும் போகும், அதுக்கு ரெண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். சாப்பாட்டுக்குப் புளிசாதம், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். கெடாது, சமைக்க வேண்டாம், இறங்கும்போது குப்பையும் அதிகமாகாது. ஒரு முழுக்கை சட்டை, மழை கோட்டு, பிளாஸ்டிக் கவர்ல கட்டின ஒரு செட் உலர்ந்த துணி. இந்தக் கடைசி ஒண்ணு அன்னிக்கு எங்க ஏழு பேர்ல ஒருத்தர்கிட்ட இருந்திருந்தாலும் போதும். அப்புறம் ஹெட்லாம்ப், பகல் டிரெக்கா இருந்தாலும். ஒரு விசில். அவசரத்துக்கு 112. பீரியட்ஸ் நாள்ல வரலாமான்னு தயங்கிக் கேட்கிறவங்களுக்கு: தாராளமா வரலாம், ஒரு ஜிப் கவர் மட்டும் எடுத்துட்டு வாங்க; பேட் உட்பட எல்லாக் குப்பையும் நம்மளோடயே கீழே வரணும்.

அட்டைக்கு ரொம்பப் பயப்படாதீங்க. பிடிச்சு இழுக்காம, நகத்தால ஓரத்துலேர்ந்து நெம்பினா விட்டுடும். கொஞ்ச நேரம் ரத்தம் கசியும், அவ்வளவுதான்.

இமயமலைக்குப் போறவங்களுக்கு

மூணாவது வருஷ லீவுல டெல்லிக்கு ரயில் பிடிச்சு, டேராடூன் வழியா சாங்ரி போய் கேதார்கந்தா ஏறணும்ங்கிறது இப்போ ஒரு சடங்கு மாதிரி ஆயிடுச்சு. நல்ல மலைதான், சுமார் 3,800 மீட்டர். ஆனா நம்ம ஊர் மலையில வராத ஒரு ஆபத்து அங்க உண்டு. காத்துல ஆக்சிஜன் எந்த உயரத்துலயும் அதே 21 சதவீதம்தான், குறையறது அழுத்தம். 3,800 மீட்டர்ல அது கடல்மட்டத்துல இருக்கிறதுல சுமார் 63 சதவீதம். 5,500 மீட்டர்ல பாதி. உடம்பு இதுக்குப் பழக நாள் எடுக்கும். ஜிம் போற உடம்புன்னு சலுகை கிடையாது. சொல்லப்போனா நல்ல ஃபிட்டா இருக்கிறவங்கதான் வேகமா ஏறி மாட்டிக்கிறாங்க.

2,500 மீட்டருக்கு மேல தலைவலியோட குமட்டலோ, பசியின்மையோ, தலைசுத்தலோ வந்தா அது உயர நோய்னே எடுத்துக்கணும். சரியாகிற வரைக்கும் ஒரு அடிகூட மேல போகக் கூடாது, கூடினா இறங்கணும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினா நுரையீரல்ல நீர் கோக்குதுன்னு சந்தேகப்படணும். குதிகாலையும் விரலையும் ஒட்டி ஒட்டி வெச்சு ஒரு நேர்க்கோட்டுல நடக்கச் சொல்லும்போது தள்ளாடினா மூளை வீங்க ஆரம்பிச்சிருக்கலாம். இந்த ரெண்டுல எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காம ராத்திரியோட ராத்திரியா இறக்கணும். 3,000 மீட்டருக்கு மேல, ஒரு ராத்திரி தூங்கற இடத்துக்கும் அடுத்த ராத்திரி தூங்கற இடத்துக்கும் 500 மீட்டருக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாதுங்கிறது பொதுவான கணக்கு. பேக்கேஜ் புக் பண்றதுக்கு முன்னாடி அவங்க போட்ட நாள் திட்டத்தை இதோட ஒப்பிட்டுப் பாருங்க. ‘நாலு நாள்ல முடிச்சுடலாம்’னு விளம்பரம் பண்றவங்க எந்த நாளைக் குறைச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுடும். மாத்திரை பத்தி டாக்டர்கிட்டக் கேளுங்க, சீனியர்கிட்ட வேண்டாம்.

இதையே தொழிலா, இல்லைன்னா சீரியஸா எடுத்துக்க நினைக்கிறவங்களுக்கு முறையான பள்ளிகள் உண்டு. எவரெஸ்ட் முதன்முதலா ஏறப்பட்டதுக்கு அடுத்த வருஷம், 1954-ல், டார்ஜிலிங்கில் இமயமலை மலையேற்றப் பள்ளியை ஆரம்பிச்சாங்க. டென்சிங் நோர்கேதான் அங்க களப்பயிற்சிக்கு முதல் இயக்குநர். உத்தரகாசியில நேரு மலையேற்றப் பள்ளி 1965-ல் வந்துது. 1984-ல் எவரெஸ்ட் ஏறின முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால் அங்க படிச்சவர்தான். அடிப்படைப் படிப்பு சுமார் நாலு வாரம். கயிறு, முடிச்சு, பனிக்கோடாலி, பனியில விழுந்தா தன்னைத்தானே நிறுத்திக்கிற முறை எல்லாம் அங்கதான் ஒழுங்காக் கத்துக்க முடியும். தனியார் டூருக்கு ஆகிற செலவோட ஒப்பிட்டா கட்டணமும் குறைவு. ஆனா இடம் சீக்கிரம் நிரம்பிடும், இந்த வருஷம் பதிவு பண்ணினா அடுத்த வருஷம்தான் போக முடியும்னு நினைச்சுக்கிட்டே திட்டம் போடுங்க. எங்க கிளப்லேர்ந்து ஒரு அக்கா அடிப்படைப் படிப்பை முடிச்சுட்டு வந்தாங்க. எங்களுக்கு முடிச்சு போடக் கத்துக்கொடுத்தது அவங்கதான். இன்னும் அரைத்தூக்கத்துல எழுப்பினாலும் எட்டு முடிச்சு போடுவேன்.

இந்த செமஸ்டர் முதல் டிரெக்குக்குப் பேர் குடுக்கிறவங்க முதல்ல நாலு சனிக்கிழமை படிக்கட்டுப் பயிற்சிக்கு வரணும். காலை 5.30, மெயின் பிளாக் பின்பக்கப் படி. பையில ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டிலோட தரைத்தளத்துலேர்ந்து மொட்டைமாடிக்கு, முதல் வாரம் பத்து தடவை, நாலாவது வாரம் இருபத்தஞ்சு. மூச்சு வாங்கினா நின்னு நின்னு ஏறுங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கடைசி ஆள் மேல வந்து சேர்ற வரைக்கும் யாரும் இறங்கறதில்லை. என் ரூம்மேட்டும் வருவான். இப்போ அவன்தான் லீட்.